நாற்பதில் முப்பத்திரண்டு

சென்ற ஜனவரியில் நம் வளாகத்தில் நடந்த சிறுவர் ஓட்டத்தைப் பற்றி நல்லதாகவே நிறையப் பேசியாயிற்று. டி-ஷர்ட்டின் நிறம், கடைசியில் கிடைத்த சூடான இட்லி, பக்கத்துப் பள்ளிகளிலிருந்து ஐந்து அணிகள் வந்தது எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் படங்களோடு வந்துவிட்டன. படத்தில் வராத ஒன்றை நான் பார்த்தேன். பரிசளிப்பு முடிந்து, வாடகைக்கு எடுத்த காற்று வளைவை இறக்கிச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது சி பிளாக் திருப்பத்தில் ஒரு பெண் குழந்தை வந்தாள். ஐந்தாம் வகுப்பு இருக்கும். நடக்கவில்லை, ஓடித்தான் வந்தாள், மெதுவாக. எங்கே நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் கோட்டையே அழித்துவிட்டோம். மெடலும் தீர்ந்துவிட்டது. மெடல்களை எண்ணி வாங்கியவன் நான்தான் என்பதால் இதை யார் மீதும் போட முடியாது.

இந்த ஆண்டு ஓட்டத்துக்கான முதல் கூட்டத்தில் இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. "போட்டி இல்லாம பசங்க ஓடுவாங்களா சார்? நல்லா ஓடுற ஆறு பேரை ஒவ்வொரு ஸ்கூலும் அனுப்பட்டும், கப் கொடுப்போம்" என்பது ஒன்று. "கப்பும் வேண்டாம், அணியும் வேண்டாம், எல்லாரும் ஜாலியா ஓடட்டும்" என்பது இன்னொன்று. முடிவு எடுக்காமலே டீ வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பழைய சங்கதிகளைத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: பள்ளிப் பிள்ளைகளை அணியாக ஓட விடுவது எப்படி என்ற இந்த வாக்குவாதம் நமக்குத்தான் புதிது. இரண்டு கட்சிக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றை ஒருவர் எப்போதோ கண்டுபிடித்து, ஒரு பெருநகரம் முழுக்க நடத்தியும் காட்டியிருக்கிறார். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து தொலைதூரம் ஓடிய கதை இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி பள்ளியில் தொடங்குகிறது. அங்கே 1819 வாக்கிலேயே இது நடந்ததற்குத் தடயம் உண்டு. 1831 முதல் எழுதிவைத்த குறிப்புகளே இருக்கின்றன. இதை ஏற்பாடு செய்தவர்கள் ஆசிரியர்கள் இல்லை, பையன்களே. ஊர்ப் பெரிய மனிதர்கள் குதிரையேறி நரி வேட்டைக்குப் போவதைப் பார்த்து, குதிரையும் நாயும் இல்லாத பிள்ளைகள் தாங்களே நரியாகவும் நாயாகவும் மாறி வயல்வெளியில் ஓடினார்கள். முன்னால் போகிறவன் காகிதத் துண்டுகளைச் சிந்திக்கொண்டே போவான், பின்னால் வருகிறவர்கள் அதை மோப்பமாகப் பிடித்துத் துரத்த வேண்டும். அந்தப் பள்ளியின் ஓட்டக் குழுவுக்கு இன்றைக்கும் ‘வேட்டை’ என்றுதான் பெயர். பந்தயத்தில் முதலில் வந்தவன் ‘ஜெயித்தான்’ என்று சொல்வதில்லை, ‘கொன்றான்’ என்கிறார்கள்.

அதே பள்ளியில் 1818 முதல் 1825 வரை படித்த ஒரு பையன் தன் சுயசரிதையில் எழுதியிருக்கும் சங்கதி சுவையானது. அவன் வீடு பள்ளியிலிருந்து ஒரு மைலுக்குச் சற்றே அதிகம். விடுதி மாணவன்தான், ஆனாலும் இடைவேளைகளில் வீட்டுக்கு ஓடிப்போய்விட்டு, இரவு கதவு பூட்டுவதற்குள் ஓடித் திரும்புவான். நேரமாகிவிடுமோ என்ற பயம் வரும்போது கடவுளை வேண்டிக்கொண்டே ஓடுவானாம். சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தால், காரணம் தன் கால்கள் இல்லை, பிரார்த்தனைதான் என்று நம்புவானாம். அந்தப் பையன் சார்லஸ் டார்வின். யாரும் சொல்லாமல், யாரும் நேரம் குறிக்காமல், ஒரு பிள்ளை அடிக்கடி ஒரு மைல் ஓடியது. இந்த ஒரு மைலை நினைவில் வையுங்கள், பிறகு வரும்.

ஷ்ரூஸ்பரியை அடுத்து ரக்பி பள்ளி. அங்கே படித்த தாமஸ் ஹியூஸ் 1857-ல் எழுதிய ‘டாம் பிரவுன்ஸ் ஸ்கூல் டேஸ்’ நாவலில் இதே முயல்-நாய் ஓட்டம் ஓர் அத்தியாயத்தில் வருகிறது. ஒன்பது மைல் ஓட்டம். முயல்கள் போய்ச் சேர்ந்து கால் மணி நேரத்துக்குள் வந்தவர்கள் மட்டுமே கணக்கில் சேருவார்கள். டாமும் இரண்டு சிறுவர்களும் வழிதவறி, சேற்றில் உழன்று, இருட்டிய பிறகு, பாதி வழிக்குக் குதிரை வண்டியில் தொற்றிக்கொண்டு, கதவு பூட்டிய பின் பள்ளிக்கு வந்து சேருகிறார்கள். கணக்கிலும் இல்லை, நேரத்துக்கும் வரவில்லை. நடுங்கிக்கொண்டே தலைமையாசிரியர் முன்னால் நிற்கிறார்கள். அவர் அடிபட்டதா என்று விசாரித்துவிட்டு, டீ கொடுக்கச் சொல்லி வீட்டுப் பொறுப்பாளரிடம் அனுப்பிவைக்கிறார். நாவலில் அந்த ஓட்டத்தில் யார் முதலில் வந்தது என்று எனக்கு நினைவில்லை. அந்த டீ நினைவிருக்கிறது.

பள்ளி விளையாட்டு மெல்லப் பெரியவர்கள் கைக்குப் போய், சங்கங்களும் சாம்பியன்ஷிப்புகளும் வந்தன. 1876-ல் லண்டனுக்கு அருகே எப்பிங் காட்டில் இங்கிலாந்தின் முதல் தேசியக் குறுக்கோட்டப் பந்தயத்தை நடத்தினார்கள். ஓடிய 32 பேரும் வழி மாறிப் போய்விட்டதால் பந்தயமே செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். சென்ற முறை ஈ பிளாக் பின்புறம் அம்புக்குறி காற்றில் திரும்பிக்கொண்டதில் எட்டுப் பிள்ளைகள் பேஸ்மென்ட் பார்க்கிங்குக்குள் ஓடிப்போனதற்காக இன்னும் வருந்திக்கொண்டிருக்கும் தன்னார்வலருக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்.

குறுக்கோட்டத்திலிருந்து நமக்கு உபயோகமான ஒன்று உண்டென்றால் அது அணிக்கு மதிப்பெண் போடும் முறை. ஓர் அணியிலிருந்து ஏழு பேர் ஓடுவார்கள், முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைவாக இருக்கும் அணிக்கு வெற்றி. அமெரிக்கப் பள்ளிகளில் இன்றும் இப்படித்தான். ஒரு பள்ளியின் பிள்ளைகள் 1, 2, 3, 38, 41 ஆகிய இடங்களில் வருகிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 85. இன்னொரு பள்ளி 9, 10, 12, 13, 15. மொத்தம் 59. முதல் மூன்று இடங்களையும் அள்ளிய பள்ளி தோற்றுவிடும்! தனி ஓட்டத்தில் முதல் ஆளைப் பார்க்கிறோம், அணி ஓட்டத்தில் ஐந்தாவது ஆள்தான் முடிவு செய்கிறான். இதை எங்கள் கூட்டத்தில் விளக்கியபோது நம் பிளாக் பிரதிநிதி ஒருவர், "அப்ப ஸ்கூல்காரங்க ஐந்தாவது பையனுக்குத்தான் காலையில பால் கொடுப்பாங்க" என்றார். சரியான புரிதல்.

ஆனாலும் ஐந்து பேர் ஐந்து பேர்தான். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஐந்தாவது ஓட்டக்காரனும் நல்ல ஓட்டக்காரனாகத்தான் இருப்பான். மீதி 993 பேர் என்ன ஆனார்கள்?

இந்தக் கேள்வியைத்தான் நியூயார்க்கில் லூதர் குலிக் கேட்டார். மருத்துவம் படித்தவர், ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சித் துறையை வளர்த்தவர். உடல், மனம், ஆன்மா என்ற மூன்றையும் குறிக்கும் அந்த அமைப்பின் முக்கோணச் சின்னம் அவர் கொடுத்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் அவரிடம் வேலை பார்த்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்திடம், குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் விளையாட ஏதாவது புதிதாக யோசியுங்கள் என்று சொன்னார். 1891-ல் கூடைப்பந்து பிறந்தது அப்படித்தான். 1903-ல் குலிக் நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளின் உடற்பயிற்சிக்குப் பொறுப்பாளராக வந்தார்.

அன்றைய நியூயார்க்கை நம் கண்ணால் பார்த்தால் பழகிய ஊர் போலத்தான் இருக்கும். அடுக்குமாடிகளில் நெருக்கியடித்து வாழும் குடும்பங்கள், விளையாட இடமில்லாத தெருக்கள், மைதானமே இல்லாத பள்ளிகள். சில பள்ளிகளில் மொட்டைமாடிக்குக் கம்பிவலை கட்டி அதைத்தான் விளையாட்டுத் திடலாக வைத்திருந்தார்கள். குலிக்கும் நண்பர்களும் சேர்ந்து பொதுப் பள்ளிகளின் தடகளச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். 1903 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் அதன் முதல் போட்டி நடந்தது. 1,040 பையன்கள் கலந்துகொண்டார்கள். பெரிய வெற்றி. இத்தோடு நிறுத்தியிருந்தால் குலிக்கை நாம் நினைக்க வேண்டியதில்லை, ஏனென்றால் வந்தவர்கள் ஏற்கெனவே ஓடத் தெரிந்தவர்கள். யாருக்குப் பயிற்சி குறைவாகத் தேவையோ அவர்களுக்கே எல்லாப் பயிற்சியும் போய்ச்சேர்கிறது என்பது அவருடைய கவலை.

அதற்கு அவர் கண்ட வழி ‘வகுப்புத் தடகளம்’. போட்டி பையனுக்கும் பையனுக்கும் இல்லை, வகுப்புக்கும் வகுப்புக்கும். ஒரு வகுப்பு போட்டியில் சேர வேண்டுமென்றால் பெயர்ப் பதிவேட்டில் இருப்பவர்களில் நூற்றுக்கு 80 பேராவது கலந்துகொள்ள வேண்டும். எல்லாருடைய அளவையும் கூட்டி, பேர் எண்ணிக்கையால் வகுத்து வரும் சராசரிதான் அந்த வகுப்பின் சாதனை. மூன்று போட்டிகள்தான்: நின்ற இடத்திலிருந்து தாண்டுவது, கம்பியில் தொங்கி மோவாயை மேலே கொண்டுபோவது, ஓட்டம். தாண்ட ஒரு கயிறும் அளவு நாடாவும் போதும். தொங்க ஒரு கம்பி. எல்லாம் பள்ளி முற்றத்திலேயே நடந்துவிடும்.

ஓட்டத்தை அவர்கள் நடத்திய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகக் கடிகாரம் பிடிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒருவன் ஓடி முடித்ததும் அடுத்தவன் புறப்படுவான். முதல் பையன் கிளம்பியதிலிருந்து கடைசிப் பையன் கோட்டைத் தொடும் வரை ஒரே கடிகாரம். மொத்த நேரத்தைப் பேர் எண்ணிக்கையால் வகுத்தால் முடிந்தது. யார் வேகம், யார் தாமதம் என்று தனியாக ஏட்டில் ஏறாது. கடைசிப் பையன் ஓடும்போது வகுப்பே கத்தும், ஏனென்றால் கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வகுப்பில் 40 பேர் என்றால் 32 பேர் ஓட வேண்டும். இந்த 32 என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் யோசித்துப் பாருங்கள். நன்றாக ஓடும் ஆறு பேரைப் பிடித்து வருவது ஒரு ஆசிரியருக்கு ஒரு மணி நேர வேலை. 32 பேரை வரவழைக்க, குண்டுப் பையன், கண்ணாடிப் பையன், கூச்சப் பையன், ‘எனக்கு ஸ்போர்ட்ஸ் வராது சார்’ என்று எட்டு வயதிலேயே முடிவு கட்டிவிட்டவன் எல்லாரிடமும் போய்ப் பேசித்தான் ஆக வேண்டும். சராசரியைக் கூட்டுவதற்கு எளிய வழியும் அவர்களிடம்தான் இருக்கிறது. முதல் ஆளை அரை நொடி வேகமாக்குவது பெரும்பாடு. கடைசி ஆளை மூன்று நொடி வேகமாக்க, நாலு வாரம் சாயங்காலம் கூடவே ஒருவன் ஓடினால் போதும். மீதி எட்டுப் பேருக்கு விட்டுக்கொடுத்தது இன்னும் புத்திசாலித்தனம். காய்ச்சல், கால்வலி, மூச்சிரைப்பு என்று உண்மையாகவே முடியாத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். நூறுக்கு நூறு என்று கேட்டிருந்தால் அவர்களை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருப்பார்கள்.

இதோடு தனி ஆளுக்கு ஒரு பேட்ஜும் வைத்திருந்தார்கள். இத்தனை அடி தாண்டினால், இத்தனை நொடியில் ஓடினால் பேட்ஜ் உனக்கு. இன்னொருவனைத் தோற்கடிக்க வேண்டியதில்லை. வகுப்பில் நாற்பது பேரும் அளவை எட்டினால் நாற்பது பேருக்கும் பேட்ஜ். ஆனால் படிப்பிலும் நடத்தையிலும் ஆசிரியர் திருப்தி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். (இந்த வரியைப் படித்ததும் நம் வளாகத்துத் தாய்மார்கள் பலருக்கு குலிக் மீது மதிப்பு கூடியிருக்கும்.)

குறை இல்லையா? இருந்தது. மேலே ‘பையன்’ என்றே எழுதிக்கொண்டு வந்தேன், அது கைதவறி வந்ததில்லை. பெண் பிள்ளைகளுக்கு 1905-ல்தான் தனிக் கிளை வந்தது. அதிலும் முக்கியமாக நாட்டுப்புற நடனம்தான். பள்ளிக்குப் பள்ளி போட்டி அவர்களுக்குக் கூடாது என்பது கொள்கை, குலிக்கின் கருத்தும் அதுதான். எல்லாப் பிள்ளைகளையும் என்று தொடங்கியவர் பாதிப் பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டார். இன்னொரு குறை எனக்குத் தோன்றுவது: சராசரி என்பது கூர்மையான கத்தி. ‘உன்னாலதான் நம்ம கிளாஸ் தோத்துச்சு’ என்று ஒரு பிள்ளையிடம் மற்றவர்கள் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த ஒரே கடிகார ஏற்பாடு இதைக் கொஞ்சம் மறைக்கும், முழுதாக மறைக்காது. கூடவே ஒரு ஆசிரியர் நின்றால்தான் உண்டு.

குலிக்கின் யோசனை பிறந்த அந்த ஸ்பிரிங்ஃபீல்ட் உலகத்துக்கும் நம் ஊருக்கும் நேரடி உறவு உண்டு. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். புத்தகக் கண்காட்சிக்கு நாம் போய்க் கால் வலிக்க நடக்கிறோமே, அந்த நந்தனம் வளாகம்தான். நம் தாத்தா காலத்து டிரில் மாஸ்டர்கள், அப்பா காலத்து பி.டி. மாஸ்டர்கள் பலர் அங்கே பயிற்சி பெற்று ஊர் ஊராகப் போனவர்கள். பள்ளிகளில் விளையாட்டு என்பது ஒரு பாடம், அதற்கென்று படித்த ஆசிரியர் வேண்டும் என்ற எண்ணம் இந்தியாவில் வேர் பிடிக்க அந்தக் கல்லூரி பெரிய காரணம்.

பக் 1924-ல் இந்திய அணியின் மேலாளராகப் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போனார். அந்த ஒலிம்பிக்கில் ஜூலை 10 அன்று நடந்த குறுக்கோட்டம் எந்த ஓட்டத்தை ஏற்பாடு செய்பவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கொளுத்தும் வெயில். 38 பேர் புறப்பட்டார்கள், 15 பேர்தான் வந்து சேர்ந்தார்கள். பின்லாந்தின் பாவோ நூர்மி ஒன்றும் நடக்காதது போல முதலில் வந்தார். அவருக்குப் பின்னால் உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள் வழியெங்கும் சுருண்டு விழுந்துகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒலிம்பிக்கில் அந்தப் பந்தயமே இல்லை. சென்ற முறை நம் ஓட்டம் சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருந்து ஏழே முக்காலுக்குத் தொடங்கியது. ஜனவரி என்பதால் தப்பித்தோம். இந்த முறை ஆறு மணிக்கு விசில், யார் வந்தாலும் வராவிட்டாலும்.

என் பள்ளி நாட்களில் பி.டி. பீரியட் என்றால் கணக்கு வாத்தியார் சாக்பீஸோடு உள்ளே வருவார். ஆண்டு விளையாட்டு விழாவில் அதே ஆறு பையன்கள் எல்லாப் பரிசையும் வாங்க, நாங்கள் கைதட்டுவோம். இது எங்கள் பள்ளி மட்டும் செய்த தவறு என்று நினைத்திருந்தேன். உலகத்தின் பணக்கார தேசமே இந்தக் குழியில் விழுந்து எழுந்திருக்கிறது.

1950-களில் ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவரும், பின்னாளில் பானி புருடன் என்று புகழ்பெற்ற அவருடைய சக ஆய்வாளரும், அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆறு எளிய அசைவுகளைச் சோதனையாக வைத்தார்கள். படுத்து எழுவது, காலைத் தூக்குவது, குனிந்து தரையைத் தொடுவது போன்றவைதான். ஒன்றிலாவது தவறியவர்கள் அமெரிக்காவில் நூற்றுக்கு 57.9, ஐரோப்பாவில் 8.7. கிராஸும் புருடனும் மலையேறுபவர்கள். காரும் பள்ளிப் பேருந்தும் டிவியும் லிஃப்டும்தான் காரணம் என்று சொன்னார்கள். அந்தச் சோதனை உடல் வளைவதை அளந்த அளவுக்கு உடல்திறனை அளக்கவில்லை என்ற விமர்சனமும் எழுந்தது, நியாயமானதும்கூட. ஆனால் எண்ணைக் கேட்டு ஜனாதிபதி ஐசன்ஹோவர் திடுக்கிட்டார். 1955-ல் இருவரையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் கேட்டார். 1956-ல் இளைஞர் உடல்திறனுக்கென்று ஜனாதிபதி குழுவே வந்தது. அடுத்து வந்த கென்னடி, பதவியேற்பதற்கு முன்பே ஒரு விளையாட்டுப் பத்திரிகையில் அமெரிக்கர்கள் பூஞ்சையாகிவிட்டார்கள் என்று கட்டுரை எழுதினார்.

பள்ளிகள் முழுக்கச் சோதனைகள் வந்தன. அதில் ஒன்று 600 கெஜம், அதாவது சுமார் 550 மீட்டர் ஓட்டம். நல்ல விஷயம் என்னவென்றால் முடியாதவர்கள் நடுவில் நடக்கலாம். 1966-ல் ஜனாதிபதி விருது என்று ஒன்றைச் சேர்த்தார்கள். எல்லாச் சோதனையிலும், நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் முதல் பதினைந்துக்குள் வர வேண்டும். குலிக்கின் பேட்ஜுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அங்கே எல்லாரும் ஜெயிக்கலாம். இங்கே நூற்றுக்கு 85 பேர் தோற்பது கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதுவும் வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, கம்பியில் தொங்கி ஒரு தடவைகூட ஏற முடியாமல். அந்தச் சோதனை நாளுக்குப் பயந்து வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டதை எத்தனையோ அமெரிக்கர்கள் பெரியவர்களான பின் சொல்லியிருக்கிறார்கள். 2012-ல் அதைக் கைவிட்டார்கள். 2025-ல் திரும்பக் கொண்டுவர உத்தரவு வந்திருக்கிறது. வாதம் அங்கும் முடிந்தபாடில்லை.

போட்டியே வேண்டாம் என்ற நம் இரண்டாவது கட்சிக்கும் ஒரு நல்ல முன்னோடி உண்டு. ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரில் செயின்ட் நினியன்ஸ் தொடக்கப் பள்ளி. 2012 பிப்ரவரியில் அதன் தலைமையாசிரியர் எலேன் வைலியிடம், பள்ளிக்கு உதவ வந்த ஒரு பெரியவர் பிள்ளைகளிடம் தெம்பே இல்லை என்று குறைபட்டார். அவர் பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லிப் பார்த்தார். ஒரு சுற்றுக்கே பலருக்கு மூச்சு வாங்கியது. அன்றிலிருந்து தினமும் 15 நிமிடம் வெளியே. யூனிஃபார்மிலேயே, ஷூ மாற்றாமல், வரிசை இல்லாமல், பேசிக்கொண்டே, ஓடவோ நடக்கவோ. ஒரு மாதத்தில் அந்த வகுப்பே ஒரு மைல் ஓட ஆரம்பித்தது. ‘டெய்லி மைல்’ என்ற பெயரில் இன்று பல நாடுகளில் பள்ளிகள் இதைச் செய்கின்றன. 2018-ல் வெளியான ஆய்வொன்று, ஓடும் பள்ளியின் பிள்ளைகள் ஓடாத பள்ளியின் பிள்ளைகளைவிட உடல்திறனில் மேம்பட்டிருந்ததாகச் சொன்னது. டார்வின் கதவு பூட்டுவதற்குள் ஓடிய அதே ஒரு மைல்.

உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடலை வேகமாக அசைக்க வேண்டும் என்கிறது. நம் பிள்ளைகளின் நாளை எண்ணிப் பாருங்கள். லிஃப்ட், வேன், வகுப்பு, வேன், டியூஷன், லிஃப்ட். ஆண்டுக்கு ஒரு ஞாயிறு இரண்டு கிலோமீட்டர் ஓடி இதை ஈடுகட்ட முடியாது. ஓட்டத்துக்கு முந்தைய எட்டு வாரங்களில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். அந்த எட்டு வாரத்தில் ஆறு பேர் ஓடுவார்களா, முப்பத்திரண்டு பேர் ஓடுவார்களா என்பதை நாம் எழுதப்போகும் விதி முடிவு செய்யும்.

ஆகவே விளையாட்டுக் குழுவில் நான் வைத்திருக்கும் யோசனை இது. பள்ளிகளிடம் ‘நல்ல ஓட்டக்காரர்கள்’ கேட்க வேண்டாம். 4, 5, 6-ஆம் வகுப்புகளில் ஏதாவது ஒரு பிரிவை முழுதாக அனுப்பச் சொல்வோம். ஆணும் பெண்ணும் சேர்ந்து, பதிவேட்டில் உள்ளவர்களில் 80 சதவீதம் கோட்டைத் தாண்டினால்தான் அந்த அணி கணக்கில் சேரும். கப் உண்டு, சராசரி நேரத்துக்கு. தனி ஆளுக்கு இடமும் வரிசையும் அறிவிக்கப் போவதில்லை. நடந்து முடித்தாலும் முடித்ததுதான். நம் வளாகப் பிள்ளைகள் பல பள்ளிகளில் சிதறிப் படிப்பதால், அவர்களுக்கு பிளாக் வாரியாக அணி. நவம்பர் முதல் வாரத்திலிருந்து தினமும் மாலை ஐந்தரை முதல் ஐந்தே முக்கால் வரை உள்சாலையில் வண்டிகளை நிறுத்திவைக்க செக்யூரிட்டியிடம் பேசியாயிற்று. அந்த நேரத்தில் வரும் ஸ்விக்கி, அமேசான் தம்பிகள் கேட்டிலேயே காத்திருக்க வேண்டியிருக்கும். தயவுசெய்து குழுவில் அதற்குச் சண்டை போடாதீர்கள்.

பள்ளிகளில் இரண்டு சம்மதித்துவிட்டன. ஒரு பள்ளி, "முழு கிளாஸா? ரிஸ்க் சார்" என்று தயங்குகிறது. அங்கே பி.டி. ஆசிரியரை நேரில் பார்த்துப் பேச, நம்மில் அந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் யாராவது என்னோடு வந்தால் நன்றாக இருக்கும்.

இன்னொரு வேலைக்கும் ஆள் தேவை. இங்கிலாந்தில் 2004-ல் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கிய ‘பார்க்ரன்’ ஓட்டங்களில், சிறுவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிலோமீட்டர் ஓட்டம் உட்பட, ஒரு தன்னார்வலர் எப்போதும் எல்லாருக்கும் பின்னால் நடந்து வருவார். கடைசியாக வருவதுதான் அவர் வேலை. அவர் கோட்டைத் தொடும் வரை கடிகாரத்தை நிறுத்தக் கூடாது, எதையும் கழற்றக் கூடாது. என் முழங்கால் இருக்கும் நிலைக்கு அந்த வேலை எனக்குப் பொருத்தம் என்பதால் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஆறாம் வகுப்பு ஓட்டத்துக்கு இன்னொருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் அசோசியேஷன் அலுவலகத்தில் உள்ள நோட்டில் எழுதிவிடுங்கள். மெடல் இந்த முறை இருபது அதிகமாகவே சொல்லியிருக்கிறேன்.